வெளியே போ என்றால் சிரிப்பவள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதிலும் மலேசியாவில் ஈஜோக் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் நான் வேலை பார்த்த அந்த எண்பதுகளில், இரண்டாம் வகுப்பில் ஒருத்தி என் உயிரை வாங்கினாள்.

கணக்கு நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் போச்சு! மேசையைத் தட்டுவாள், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கி எறிவாள். எங்கள் பள்ளியில் அதற்கு ஒரே வைத்தியம்தான். "வெளிய போய் நில்லு!" என்று கத்துவேன். அவளும் போவாள். மறுநாளும் அதே கூத்து.

எண்ணெய்க்கான செம்பனைப் பழம் பொறுக்கும் அவள் அம்மா ஒருநாள் என்னைத் தேடி வந்தார். "இவளுக்கு எழுத்தே ஏறல டீச்சர். இந்தப் பள்ளித் தவணையோட நிப்பாட்டிடுறேன். சின்னவனப் பாத்துக்கிட்டு லயத்து வீட்டுல கெடக்கட்டும்." எனக்குப் பகீரென்றது. எட்டு வயசுப் பிள்ளை!

அந்தச் சமயத்தில் கோலா சிலாங்கூரில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பிள்ளை சேட்டை செய்தால் உடனே பாயாதீர்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள் என்றார், பாடம் எடுத்த மலாய்க்கார அம்மா. என்ன கிடைத்தது, என்னிடம் ஏச்சுதான் கிடைத்தது என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஆனாலும் மறுநாள் அவளை வெளியே அனுப்பிவிட்டு, சத்தமில்லாமல் கதவோரம் போய் எட்டிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆயாக்கொட்டகை. வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளை அங்கேதான் விடுவார்கள். சரியாகத் தமிழ்ப் பாட நேரத்தில்தான் ஆயா அவர்களை மரத்தடியில் உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டுவாராம். வாயெல்லாம் கஞ்சியோடு அவள் தம்பி இவளைப் பார்த்துக் குதிக்கிறான். இவள் முகத்தை மூடி மூடித் திறந்து சிரிக்கிறாள்.

அடிப்பாவி! பென்சிலை எறிந்தால் தம்பியைப் பார்க்கலாம், ஒழுங்காக இருந்தால் பார்க்க முடியாது. நானே அல்லவா சேட்டையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

அடுத்த நாள் பாடத்துக்கு முன்னாலேயே கூப்பிட்டேன். "ரெண்டு வரி வாசி. வாசிச்சா போய்த் தம்பியப் பாக்கலாம். பென்சில எறிஞ்சா இங்கேயேதான்."

"நெஜமாவா டீச்சர்?"

"நெஜம்லா."

பெரிய வாத்தியாருக்கு விஷயம் போய்விட்டது. "என்ன டீச்சர், படிக்கிறதுக்குக் கூலியா?" என்றார். "நாம மட்டும் சும்மாவா வேலை செய்யுறோம் சார்?" என்றேன். மனுஷன் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

முதலில் என்னைச் சோதித்துப் பார்த்தாள். பென்சில் பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன், வெளியே அனுப்பவில்லை. அப்புறம் திக்கித் திக்கி வாசித்தாள், ஓடினாள், பார்த்தாள், திரும்பி வந்தாள். நான் மெல்ல மெல்ல வரிகளைக் கூட்டினேன். ரெண்டு வரி அரைப் பக்கமானது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனாலும் தவணை முடியும் நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது.

கடைசி வாரம் அம்மா வந்துவிட்டார். சட்டையெல்லாம் செம்பனைக் கறை. "கூட்டிட்டுப் போயிர்றேன் டீச்சர்."

"கொஞ்சம் நில்லுங்கம்மா," என்றேன். மகள் அன்றைக்குரிய பக்கத்தை அப்போதுதான் முடித்திருந்தாள். "போம்மா, தம்பி காத்திருப்பான்," என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. விரல் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. "இருங்க டீச்சர், கதை இன்னும் முடியல."

அம்மா வாசலிலேயே நின்று மகள் வாசிப்பதைக் கேட்டார். பிறகு வேலியைச் சுற்றிப் போய், மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"அவ படிக்கட்டும் டீச்சர். இவன நான் பாத்துக்கிறேன்."