நான் வைத்த மஞ்சள்

எழுபதுகளில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. உலகத்தில் மொத்தம் எத்தனை பச்சை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பலகை, வண்ணப்பெட்டி, ஒரு பாட்டில் தண்ணீர் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு தாம்பரத்தில் பஸ் ஏறிவிடுவேன். படப்பை தாண்டியதும் இரண்டு பக்கமும் ஏரியும் நெல்லுமாக வரும். மனசுக்குப் பிடித்த இடத்தில் இறங்கிக்கொள்வேன்.

பச்சை வண்ணத்தை நான் வாங்குவதே இல்லை. நீலமும் மஞ்சளும் கலந்து நானே உண்டாக்குவேன். நாற்றுக்கு மஞ்சள் தூக்கல், வளர்ந்த பயிருக்கு நீலம் தூக்கல். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ஞாயிறு ஒரகடம் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை மேல் உட்கார்ந்து, கீழே இருந்த கழனிகளை வரைந்தேன். ஒற்றைப் பனைமரம், மதகு, அதை ஒட்டி ஒரே பச்சையாக நெல். படம் சப்பென்று இருந்தது. ஈரம் காய்வதற்குள் பனைமரத்துக்குக் கீழே ஒரு சொட்டு மஞ்சள் விட்டேன். அது வட்டமாகப் பரவியதும் படத்துக்கு உயிர் வந்துவிட்டது. நிஜத்தில் அந்தக் கழனியில் அப்படியொரு மஞ்சள் கிடையாது.

ரோட்டோர டீக்கடை பெஞ்சில் படத்தைக் காயவைத்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவர், ஐம்பது வயதிருக்கும், குனிந்து பார்த்தார்.

"யம்மா, இது மதகாண்ட கீற கயனிதானே? பனமரத்துக்குக் கீழ?"

"ஆமாங்க."

"அது என்னுதும்மா." பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்தார். "இந்த மஞ்சா எப்பலேர்ந்து கீது? காத்தால தண்ணி கட்டும்போது கண்ணுல படலியே. கரை மேலேர்ந்து பார்த்தாத்தான் தெரியுதா?"

பதிலுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார். கடைக்காரர்தான் எனக்கு விளக்கினார். போன வருஷம் அவர் பயிர் முழுவதையும் புகையான் பூச்சி தின்றுவிட்டதாம். தண்டின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுமாம். முதலில் இப்படித்தான் வட்டமாக மஞ்சள் விழுமாம். வைக்கோலைக்கூட மாடு மோந்து பார்க்கவில்லை. இந்த வருஷமும் போனால் குத்தகை நிலம் அவர் கையை விட்டுப் போய்விடும்.

ஓடிப்போய் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் என்னத்தைத் தேடுவார், எப்படிப் பார்ப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு குறுகுறுப்பு. பஸ் வந்தது, ஏறவில்லை. வாயைத் திறக்காமல் அவர் பின்னாலேயே நடந்தேன்.

சேற்றில் இறங்கி, ஒவ்வொரு குத்தாக விலக்கி, அடித்தண்டைப் பார்த்துக்கொண்டே போனார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அத்தனை வருஷம் வரைந்தும் கழனிக்குள் கால் வைத்தது அன்றுதான். உள்ளே தோகைக்கு ஒரு பச்சை, தண்டுக்கு ஒரு பச்சை, தண்ணீரில் மூழ்கிய இடத்தில் கிட்டத்தட்ட வெள்ளை. வாய் பிளந்து நின்றேன்.

"ஒண்ணும் காணோமே. எங்கம்மா பார்த்தீங்க? சரியா காட்டுங்களேன்" என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த குத்தை விலக்கினார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"இங்கே மஞ்சளே இல்லைங்க. படம் அழகா இருக்கட்டும்னு நானாத்தான் வெச்சேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பயிரை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு வரப்பில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வெக்கறதுதான் வெச்சீங்க, கயனி முழுக்க அந்த மஞ்சாவ வெச்சிருக்கக் கூடாதாம்மா? அறுப்புக்கு வந்தாப்பல இருந்திருக்குமே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.