துண்டு போட்ட சீட்டில் உட்கார்ந்தவர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். இதைப் படித்துவிட்டு நீங்களும் எழுந்து போகலாம், தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில், அத்தனை ஜனத்துக்கு நடுவில்.

2007-இல் என் தங்கை கலாவுக்கு டெல்லியில் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. துணைக்கு நானும் சிதம்பரத்திலிருந்து கிளம்பினேன். காடாம்புலியூர் மச்சான் வழியனுப்பும்போது, "மண்டைக்குள்ள இருக்குற ஊர வூட்டுலயே கழட்டி வெச்சுட்டுப் போ மாமா, அப்பதான் போற ஊரு கண்ணுல படும்" என்றான். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. ரொட்டி, குளிர், புரியாத இந்தி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டேன். ஆனால் உடம்பில் ஊறிய பழக்கத்தை எங்கே கழட்டி வைப்பது?

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி வந்தால் என்ன செய்வோம்? ஆம்பளை பாய்ந்து ஏறித் துண்டு போட்டு சீட் பிடிப்பான், பெண்கள் மெதுவாகப் பின்னால் வருவார்கள். இன்டர்வியூவுக்குப் போக டெல்லியில் மெட்ரோ ரயில் வந்து நின்றதும் நானும் அப்படியே பாய்ந்தேன். இரண்டு இடம் காலி, ஒன்றில் நான், இன்னொன்றில் துண்டு. "வா கலா" என்று திரும்புவதற்குள் கதவு தானாக மூடிக்கொண்டது. அவள் சர்டிபிகேட் பையோடு பிளாட்பாரத்தில் நிற்கிறாள். கையில் போன் கிடையாது, இந்தி ஒரு வார்த்தை தெரியாது, எங்கே இறங்க வேண்டும் என்பதும் எனக்குத்தான் தெரியும்.

வண்டி சுரங்கத்துக்குள் போய்விட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி ஓடலாம் என்றால், அதற்குள் அவள் ஏதாவதொரு வண்டியில் ஏறிவிட்டால்? அந்தப் பெரிய ஊரில் அவளை எங்கே போய்த் தேடுவேன்? வெட்கமில்லாமல் அழுதேன்.

"அழுவாத தம்பி."

நம்ம பக்கத்துத் தமிழ். துண்டின் மேல் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பச்சைப் புடவை, மடியில் ஒயர் கூடை.

"திரும்பிப் போயிடாத. எறங்கி அங்கியே நில்லு. அவள அடுத்த வண்டியில ஏத்தி வுடுறேன்."

"நீங்க இங்க இருக்கீங்களேம்மா, எப்பிடி?"

"நான் அவ பக்கத்துலதான் தம்பி நிக்கிறேன்."

கதவு திறந்ததும் வெளியே குதித்தேன். திரும்பிப் பார்த்தால் சீட்டில் துண்டு மட்டும் கிடக்கிறது.

நம்பினால் நம்புங்கள், அடுத்த வண்டியிலிருந்து முதல் ஆளாகக் கலா இறங்கினாள். "சீட்டு புடிச்சியாண்ணா? கடலூர் பஸ்ஸுன்னு நெனப்பு ஒனக்கு!" என்று கத்திவிட்டு என் மேல் சாய்ந்து அழுதாள்.

"யாரு கலா ஏத்தி வுட்டது?"

"நம்மூரு அம்மா ஒருத்தவங்க. பச்சப் பொடவ, ஒயர் கூட. கதவு சாத்துனதுலேர்ந்து என் கையப் புடிச்சிக்கிட்டே நின்னாங்க."

நான் பார்த்ததைச் சொன்னேன். இன்டர்வியூவுக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் ஓடினோம். வேலை கிடைத்தது, அவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள். "அடுத்ததுல எறங்குன்னு மட்டுந்தாண்ணா என்கிட்ட சொன்னாங்க. மத்ததெல்லாம் நீ போன பக்கமே பாத்துப் பேசுனாங்க. 'அழுவாத தம்பி'ன்னாங்க, 'திரும்பிப் போயிடாத'ன்னாங்க. என்னை வண்டியில ஏத்துறப்ப, 'வேணாம் தம்பி, அத மட்டும் கேக்காத, சொல்ல மாட்டேன்'னாங்க. அப்பிடி என்னண்ணா கேட்ட?"

அவளை வண்டியில் ஏற்றிய அந்த நேரம் நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பிளாட்பாரத்தில் தனியாக நின்றிருந்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.