கல்லாவுக்குப் பக்கத்தில் என் மகள்

மளிகைக் கடைக்குச் சாமான் வாங்கத்தான் வருவார்கள். கடைக்காரன் மகளுக்கு ஆட்டிசம் என்று தெரிந்துவிட்டால், கேட்காமலே எதையாவது கொடுத்துவிட்டும் போவார்கள். திருவொற்றியூரில் பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மகள் ஷைனிக்குப் பன்னிரண்டு வயது. பேச்சு குறைவு. பள்ளி விட்டதும் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். இப்படிப்பட்ட பிள்ளையை வளர்ப்பவர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

தாயத்து

தினமும் வெற்றிலை வாங்க வரும் பின்தெருப் பெரியவர் ஒருநாள் தாயத்தோடு வந்தார். கேட்காமல் கொள்ளாமல் ஷைனியின் கையைப் பிடித்துக் கட்டப் போனார். அவளுக்குக் கையில் நூல் பட்டாலே ஆகாது. கத்தினாள். நான் குறுக்கே புகுந்து, "அவளைக் கேக்காம தொடாதீங்க" என்றேன்.

"அதுகிட்ட இன்னாத்த கேக்கறது?"

"கட்டலாமா ஷைனி?" என்று நானே கேட்டேன். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், காத்திருந்தேன். "வேணாம்" என்றாள். பெரியவர் தாயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பேசுது அண்ணாச்சி! இத்தினி நாளா நான் ஒருவாட்டி கூட கேக்கலியே."

ஆண்டுவிழா

"அன்னிக்கு மட்டும் ஷைனி வரவேண்டாமே" என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம், நல்ல வியாபார நேரம். கடையைப் பூட்டிவிட்டு நானும் என் மனைவி செல்வியும் அவளை அழைத்துக்கொண்டு போனோம். பாட்டு ஆரம்பித்ததும் ஷைனி சந்தோஷத்தில் கைகளை உதறிக்கொண்டு குதித்தாள். தலைமையாசிரியை வந்து, வெளியே கூட்டிப்போகச் சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். செல்வி எழுந்திருக்கவில்லை. "என்ன காரணம்னு எழுதிக் குடுங்க, போறோம்" என்றாள். அந்த அம்மாள் சுற்றும்முற்றும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "எழுதியெல்லாம் தர முடியாதுங்க... உக்காருங்க."

ஹாரன்

கடை வாசலில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி சிக்கிக்கொண்டது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஷைனி காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து, அரிசி மூட்டையில் தலையை முட்டினாள். கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தன் செல்போனில் படம்பிடித்தான்.

மீன் விற்கும் கன்னியம்மா புளி வாங்க வந்திருந்தாள். "பொட்டப்புள்ளய இப்டி கடையில உக்கார வெச்சுகினு கீறியே" என்று என்னைத் திட்டுகிறவள். அன்றைக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய் அவன் செல்போன் முன்னால் நின்றுகொண்டாள். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஷைனியைத் தொடாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெளியே லாரியை யாரோ அறைகிற சத்தம். பிறகு கன்னியம்மாவின் குரல்: "கைய எடுடா! உள்ள எங்க வூட்டுப் புள்ள கீது!"

மகளை மாற்ற வழி சொல்ல இன்னும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கோ ஊரைத் திருத்தவே நேரம் போதவில்லை.