பொட்டு வைத்த பெட்டி

ஹாலில் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தாலே நீ எழுந்து அறைக்குள் போய்விடுகிறாய். உன்னைக் கிண்டல் செய்யாதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் அன்றைக்கு அவள் சொன்ன ஒரு வார்த்தை உன் மனதில் நின்றுவிட்டது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி அப்பா எழுதி வைக்கிறேன். நீ இப்போது சொந்தமாகவே படிக்கிறாய். மெதுவாகப் படி.

நம் வீடு கிள்ளானில், ஃபிளாட்டில் நாலாவது மாடி. ஜன்னல்கள் எல்லாம் நாக்கோ. கண்ணாடிப் பட்டைகளை வரிசையாக அடுக்கிய மாதிரி இருக்கும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் காற்று நுழைந்துவிடும். சாதாரண நாளில் அது நல்லதுதான். கடலுக்கு அப்பால் காடு எரிந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் அந்த இடைவெளி வழியாகப் புகையும் நுழையும். உனக்குக் கைக்குழந்தையிலிருந்தே நெஞ்சு இழுப்பு இருக்கிறது. புகை வந்தால் முதலில் உனக்குத்தான் தெரியும். இருமல் வரும், பிறகு மூச்சு விசில் அடிக்கும், பிறகு ஓட்டமாக ஓடி கிளினிக்.

சென்ற வருஷம் புகை தொடங்கியபோது பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் உன் மாமா இரண்டு சென்சார்களை வாங்கி வந்து மாட்டினார். சின்னது உங்கள் அறைக்கு. அது அறையின் சூட்டையும் ஈரத்தையும் காட்டும். பெரியது ஹாலுக்கு. அது காற்றில் இருக்கும் புகைத் தூளை அளக்கும். நல்ல காற்று என்றால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், கெட்டது என்றால் சிவப்பு. அதே நிறம் என் கைப்பேசியிலும் தெரியும்.

“மச்சான், இது வீட்டுக்கு வச்ச மூக்கு,” என்றார் மாமா. “நீங்க ஷா ஆலம் கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கிட்டே இங்க காத்து எப்படி இருக்குன்னு பாக்கலாம்.”

“ஓட்டிக்கிட்டே பாத்தா வேலை போயிடும்டா,” என்றாள் அம்மா.

பெரிய பெட்டியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. சாமி மேடைக்குக் கீழே, சிவப்பு விளக்குக்குப் போட்ட பிளக்கில் ஓர் இடம் காலியாக இருந்தது. பிள்ளையின் மூச்சைக் காக்கிற சாமான் சாமிக்குக் கீழேயே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

முதல் வாரம் வீட்டில் ஒரே சண்டை. அம்மா கறிவேப்பிலை தாளித்தால் பெட்டி சிவந்துவிடும். நெத்திலி பொரித்தால் என் கைப்பேசி அலறும். நான் கிடங்கில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போன் அடிப்பேன்.

“என்ன ஆச்சு? சிவப்பா காட்டுது!”

“சம்பால் ஆச்சு. நீங்க அங்க வேலை செய்றீங்களா, இல்ல என் சட்டிய வேவு பாக்குறீங்களா?”

பின்னால் அக்கா சிரிப்பது கேட்கும். “அப்பா, நாளைக்கு கருவாடு. ஆம்புலன்ஸுக்கு இப்பவே சொல்லிடுங்க லா!”

நானும் சிரித்துவிட்டு வைப்பேன். ஆனால் சிரித்த கையோடு மறுபடியும் கைப்பேசியைத் திறந்து பார்ப்பேன். பச்சை வரும் வரைக்கும் எனக்கு வண்டி ஓடாது. எங்கள் சூப்பர்வைசர் மலாய்க்காரர், நல்ல மனிதர். “பாஸ், ஹேன்ட்போன் சிம்பான் லா,” உள்ளே வை என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொல்ல வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அனாக் ஓகே?” என்று உன்னை விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு வெளியே புகை கொஞ்சம் குறைந்திருந்தது. உனக்காக அம்மா அந்த வருஷம் சாம்பிராணி போடவில்லை. சூடத்தைக்கூட வாசலுக்கு வெளியே கொளுத்தினாள். சாமி மேடைக்கு முன்னால் என் மோட்டார் சைக்கிள் சாவி, ஹெல்மெட், அம்மாவின் மிக்சி, அரிவாள்மணை, அக்காவின் லேப்டாப், உன் புத்தகப் பை எல்லாம் வரிசையாக இருந்தன. சந்தனக் கிண்ணத்தை அம்மா உன் கையில் கொடுத்தாள்.

“எல்லாத்துக்கும் நீயே பொட்டு வைம்மா.”

நீ ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாய். பிறகு மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தாய்.

“அம்மா, பெட்டிக்கு?”

“அதுவும் நமக்கு வேலை செய்யுதுல்ல? அதுக்கும் வை.”

மற்றதற்கெல்லாம் சின்னப் பொட்டு. அதற்கு மட்டும் நீ விரல் நிறையச் சந்தனம் எடுத்து, முகத்தின் நடுவில் அழுத்தி, மேலே குங்குமம் வைத்தாய். அது உன்னைப் பார்த்துக்கொள்கிற பெட்டி என்று உனக்குத் தெரியும். எனக்குப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. படம் பிடித்து மாமாவுக்கு அனுப்பினேன். அவர் கைகூப்பும் பொம்மை மூன்றைத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் காலையில் நான் மோட்டாரை எடுக்கும்போதே எதிர் ஃபிளாட் சரியாகத் தெரியவில்லை. ஃபெடரல் ஹைவேயில் லோரிகள் எல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. மாஸ்க்குக்குள்ளேயும் எரிந்த மண் வாசம் வந்தது. பள்ளிகளுக்கு லீவு விட்டுவிட்டார்கள். கிடங்கு வாசலில் நின்று கைப்பேசியைப் பார்த்தேன். பச்சை. நாக்கோ இடைவெளிகளில் நான் ஒட்டிய டேப் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். புகை தொடங்கியபோதே அதை நாலு அடுக்காக ஒட்டியிருந்தேன் அல்லவா, அந்தப் பெருமை வேறு.

தேநீர் வேளையிலும் பச்சை. உங்கள் அறையின் சூடு ஏறியது, ஏர்கான் போட்டதும் இறங்கியது, அதுவும் கைப்பேசியில் சரியாகத் தெரிந்தது. அதனால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது என்றே நம்பினேன். வெளியே பார்த்தால் வானம் பழுத்த மஞ்சள். கைப்பேசியில் பார்த்தால் பச்சை. நான் கைப்பேசியையே பார்த்தேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து அம்மா கூப்பிட்டாள்.

“ஏங்க, பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது.”

உடனே கைப்பேசியைப் பார்த்தேன். பச்சை.

“வீட்டுல காத்து நல்லாத்தான் இருக்கு. ஓடி விளையாடி இருப்பா. மூச்சு பம்ப் குடுத்துட்டு உக்கார வை.”

“குடுத்துட்டேன்.”

“அப்ப கொஞ்ச நேரத்துல சரியாயிடும். இங்க பச்சையாத்தான் இருக்கு.”

அம்மா வைத்துவிட்டாள். நான் வண்டியில் ஏறினேன். ஒரு பலகைச் சரக்கைத் தூக்கினேன், அதை எங்கே வைக்க வேண்டும் என்பதே மறந்துபோனது. இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்தால் மனம் அடங்க வேண்டும். அன்றைக்கு அடங்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்து அக்கா கூப்பிட்டாள். அவள் குரலில் கிண்டல் இல்லை.

“அப்பா, பாப்பாவுக்குக் கழுத்துக் குழி உள்ள உள்ள போகுதுப்பா. பேசச் சொன்னா பேச மாட்டேங்கிறா.”

“பெட்டில என்ன…” என்று நான் தொடங்கினேன். அம்மா கைப்பேசியைப் பிடுங்கியிருப்பாள் போல.

“உங்க பெட்டிய தூக்கி ஆத்துல போடுங்க! காலைல நான் நெத்திலி பொரிச்சேன். வீடே கமறிச்சு. நீங்க போன் பண்ணீங்களா?”

நான் போன் பண்ணவில்லை.

“பண்ணலைல்ல? வரமிளகாய் வதக்குனேன், பெரியவ இருமித் தள்ளுனா. அப்பவும் அது பச்சையாத்தான் இருந்துச்சு. என் சட்டிப் புகையே தெரியாத பெட்டிக்கு வெளிப் புகை தெரியுமா? நான் பக்கத்து வீட்டு ஆன்டி கார்ல கிளினிக் போறேன். நீங்க அங்க வந்து சேருங்க.”

சூப்பர்வைசரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. “பெர்கி, பெர்கி,” போ போ என்று அவர் கையைக் காட்டியது மட்டும் நினைவிருக்கிறது. ஹைவேயில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். வேகமாகப் போக முடியவில்லை, மெதுவாகப் போக மனமில்லை. புகையில் எனக்கும் இருமல் வந்தது. எனக்கே இப்படி என்றால் உன் சின்ன நெஞ்சுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கப் பயந்து, கடந்துபோகும் போர்டுகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன்.

கிளினிக்கில் நீ அம்மாவின் மடியில் இருந்தாய். மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க் போட்டிருந்தார்கள். அதிலிருந்து மருந்து வெள்ளை ஆவியாக வந்துகொண்டிருந்தது. உன் தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. நீலம் பாய்ந்திருக்கிறதா என்று உதட்டைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்ததும் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினாய்.

“அப்பா… பெட்டி… என்ன… கலர்?”

நாலு வார்த்தைக்கு நாலு மூச்சு. என் கையில் கைப்பேசி இருந்தது. அது இன்னமும் பச்சையாகத்தான் இருந்தது. நான் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். “தெரியலம்மா,” என்றேன்.

மருந்து ஒரு முறை போட்டார்கள். போதவில்லை, இன்னொரு முறை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் உன் தோள் ஏறுவது நின்றது. டாக்டர் இளம்பெண். அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “அங்கிள், அடுத்த தடவை அவள பேசச் சொல்லிப் பாருங்க. ஒரு முழு வரி நடுவுல மூச்சு வாங்காம வந்தா ஓகே. வார்த்தை வார்த்தையா உடைஞ்சா பம்ப் குடுங்க, உடனே கூட்டிட்டு வாங்க. காத்திருக்காதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் உன்னை அறையில் படுக்க வைத்துவிட்டு, பெட்டியைப் பிளக்கிலிருந்து கழற்றி விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். முகத்தின் நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். காற்று அதற்குள் போனால்தான் அது அளக்க முடியும். சந்தனம் அந்த ஓட்டைகளில் இறங்கி, காய்ந்து, சிமெண்டு பூசியது போல் இறுகியிருந்தது. பெட்டி உள்ளே அடைபட்டுக் கிடந்த பழைய காற்றையே திரும்பத் திரும்ப அளந்து, நல்லது நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மாமாவை வீடியோவில் கூப்பிட்டோம். அம்மா ஈரத் துணியோடு வந்ததைப் பார்த்து அவர் கத்தினார்.

“தண்ணி விடாதீங்க! அது என்ன கோயில் சிலையா, அபிஷேகம் பண்ண? காஞ்ச பிரஷ், காஞ்ச பிரஷ்!”

நான் பல் குச்சியால் சுரண்டினேன். அக்கா பழைய டூத்பிரஷால் தட்டினாள். அப்போதுதான் உன் மனதில் நின்ற அந்த வார்த்தையை அவள் சொன்னாள். யோசிக்காமல் சொன்னது. “இவதான் அதுக்கு மூக்க அடைச்சா. அது இவள மாட்டிவிட்டுடுச்சு.”

அறை வாசலில் நீ நின்றுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நீ அழவில்லை. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாய். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பெட்டியை மறுபடியும் பிளக்கில் சொருகினேன். பச்சை கொஞ்ச நேரம் நின்றது. மஞ்சள் வந்தது. பிறகு சிவந்துவிட்டது. நீங்கள் மூவரும் அந்தக் காற்றைத்தான் காலையிலிருந்து சுவாசித்துக்கொண்டிருந்தீர்கள். மாமா அன்றைக்கே கார் எடுத்து வந்து உங்கள் மூவரையும் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனார். அவருடைய கொண்டோ வீட்டில் ஜன்னல்கள் இறுக்கமாக மூடும். புகை கலையும் வரை நீ அங்கேதான் இருந்தாய். வீடு திரும்பிய பிறகும் சாமி மேடைப் பக்கம் போகும்போது அந்தப் பெட்டியைத் தொடாமல் சுற்றியே போனாய்.

இப்போது நான் அனுப்பிய அந்தப் படத்தை எடுத்துப் பார். பொட்டு ஓட்டைகளின் மேலேயே இருப்பது தெளிவாகத் தெரிகிறது. வைக்கச் சொன்னது அம்மா. படம் பிடித்தது நான். அதை வாங்கி மாட்டிய மாமா கும்பிட்டுப் பதில் போட்டார். அக்கா பக்கத்தில்தான் நிற்கிறாள், படத்தில் அவள் கைகூட இருக்கிறது. இத்தனை பெரியவர்களுக்குத் தெரியாதது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? உனக்கு வந்த ஆபத்து உன் பொட்டால் வரவில்லை. உனக்கு மூச்சு இழுக்கிறது என்று உன் அம்மா சொன்னபோது, நான் பெட்டி சொன்னதைக் கேட்டேன். அதனால் வந்தது.

இதையெல்லாம் போன வாரம் உன்னிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். நீ தலையை ஆட்டினாய், அவ்வளவுதான். இந்த வருஷப் புகையும் தொடங்கிவிட்டது. வேலையில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் முதலில் வீட்டுக்கு அடிக்கிறேன், பிறகுதான் நிறத்தைப் பார்க்கிறேன். உன்னை ஒரு முழு வரி பேசச் சொல்கிறேன். உனக்கு அலுத்துப்போய்விட்டது. “நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வைக்கப் பார்க்கிறாய். அது போதாது, பெரிய வரி வேண்டும் என்கிறேன்.

இதை எழுதத் தொடங்கிச் சில நாள் ஆகிவிட்டது. நேற்று நீ ஒரு பெரிய மூச்சு எடுத்துக்கொண்டு தொடங்கினாய்.

“அப்பா இன்னிக்கு வெள்ளிக்கிழமை அம்மா சந்தனம் குடுத்தாங்க நான் பெட்டிக்குப் பின்னாடி ஓட்டையே இல்லாத எடமா பாத்து பொட்டு வச்சுட்டேன் அக்கா டார்ச் அடிச்சு செக் பண்ணிட்டா அம்மா நெத்திலி பொரிக்கிறாங்க இப்ப சிவப்பாயிடும் நீங்க பயந்துக்கிட்டு போன் பண்ணாதீங்க லா!”

நடுவில் ஓர் இடத்திலும் உடையவில்லை. கைப்பேசியைக் காதில் அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வைத்த உடனே கைப்பேசி அலறியது. சிவப்பு. நெத்திலிதான் என்று தெரியும். தெரிந்தும் திரும்பக் கூப்பிட்டேன்.