கூரைக்குள் ஒரு பெண்

படிவத்தின் ஓரங்களிலோ, அலுவலக உபயோகத்துக்கென ஒதுக்கிய கட்டத்திலோ விண்ணப்பதாரர் எதுவும் எழுதலாகாது. எழுதினால் படிவம் பரிசீலிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்படும். அம்மாவைக் கனடாவுக்கு அழைக்கும் விண்ணப்பத்தோடு வந்த அறிவுறுத்தல்களில் இது ஏழாவது. பிற்காலத்தில் படிவங்களைத் திருப்பி அனுப்பும் வேலையைப் பல வருடங்கள் செய்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன், இந்த விதியில் இரக்கத்துக்கு இடம் கிடையாது.

அப்போது எனக்குப் பத்து வயது. பார்க்டேலில் ஒரு மாடிக் குடியிருப்பின் ஆறாம் தளத்தில் அப்பா, சித்தப்பா, நான் மூவரும் இருந்தோம். அம்மா கொழும்பில் ஒரு லாட்ஜ் அறையில், வெளியூர்த் தமிழர் அங்கே தங்குவதற்கு எடுத்தாக வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதல் விண்ணப்பத்தைச் சித்தப்பா மிகுந்த உற்சாகத்துடன் நிரப்பினார். ஒரு கையெழுத்து குறைகிறதென்று எட்டு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. இரண்டாவதை அப்பா எடுத்துக்கொண்டார். ஊரில் கச்சேரி என்னும் மாவட்ட அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். எந்தத் தாளிலும் முதலில் பிள்ளையார் சுழி போடுவார். இந்தப் படிவத்தில் மட்டும் மை படாமல் ஆள்காட்டி விரலால் உச்சியில் சுழித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"ஓரத்தில ஒரு புள்ளி விழக்கூடாது, பிள்ளை. விழுந்தால் இன்னும் எட்டு மாசம் கொம்மா அங்கதான்."

அந்த வாரம்தான் கீழ்த்தளத்துக் கடையில் நான் அந்த அதிசயத்தைக் கண்டேன். கடைக்காரர் கொரியர். ஹொங்கொங்கிலிருந்து வந்த ஒரு பெண் எதையோ கேட்டார். அவருடைய ஆங்கிலம் கடைக்காரருக்குப் புரியவில்லை, கடைக்காரருடையது அவருக்கும் புரியவில்லை. கடைசியில் அந்தப் பெண் தன் உள்ளங்கையில் விரலால் ஒரு சீன எழுத்தின் கோடுகளை இழுத்தார். கடைக்காரர் தலையாட்டிவிட்டு உள்ளே போய் உப்புப் பொதியுடன் திரும்பினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தமிழ் வகுப்பில் நான் படித்த எழுத்துகள் ஒலியைத்தான் சுமந்தன. இதுவோ வாய் திறக்காமலே கடல் தாண்டிப் போய் உப்பைக் கொண்டு வந்தது.

எனக்கும் ஒன்று எழுதித் தரக் கேட்டேன். கடைக்காரர் ரசீதுத் தாளில் எழுதினார்: 安. மேலே இருப்பது கூரை, கீழே இருப்பது பெண், இரண்டும் சேர்ந்தால் ஆபத்தில்லாத அமைதி என்றார். மூவாயிரம் வருடங்களுக்கு முன் எலும்பிலும் ஆமையோட்டிலும் இதைக் கீறியிருக்கிறார்களாம். அவர் 'ஆன்' என்றார், ஹொங்கொங் பெண் 'ஓன்' என்றார். பொருளில் இருவருக்கும் பிணக்கில்லை.

"என் வீட்டிலும் கூரை இருக்கிறது, பெண் இருக்கிறாள். அமைதியைத்தான் காணோம்" என்றார் கடைக்காரர்.

"நன்றாகப் பார். இந்த எழுத்துக்குள் ஆண் இல்லை" என்றார் அவருடைய மனைவி, தலையை நிமிர்த்தாமலே.

நான்காம் தளத்து வியட்நாமியக் குழந்தையின் பெயரும் ஆன்தான். அவர்கள் இப்போது ஆங்கில எழுத்துகளைப் போன்றவற்றால்தான் எழுதுகிறார்கள், ஆனாலும் அதே அமைதி. ஜப்பானிய உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சித்தப்பா மட்டும் குழப்பினார்.

"உதோ? எங்கட குசினியில ஜப்பான்காரன் மரக்கறிப் பெட்டியைக் காட்டி உந்த எழுத்தைத்தான் எழுதினவன். மலிவாம். கொம்மா மலிவா வரப்போறா போல!"

நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. ரசீதுத் துண்டைக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்தேன். பிள்ளையார் சுழி எங்களுக்கு மட்டுமே தெரிந்தது. இதையோ இத்தனை தேசங்கள் அறியும். ஆகவே படிவத்தைத் திறப்பவர் யாராயிருந்தாலும் அறிந்துகொள்வார் என்று முடிவு செய்தேன். அது ஒரு ஜப்பானியர் கையில் விழாதிருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை. அப்பா குளிக்கப் போன சமயம், அதிகாரி கட்டாயம் பார்க்கும் இடம் என்பதால் முதல் பக்கத்து அலுவலக உபயோகக் கட்டத்துக்குள்ளேயே பென்சிலால் கூரையையும் அதற்குள் பெண்ணையும் கீறினேன்.

அன்று பின்னேரம் அப்பா அடிமட்டத்தை வரிக்கு வரி நகர்த்தி, மேசையில் தனியாக இருந்து எல்லாவற்றையும் சரிபார்த்தார். முதல் பக்கத்தில் வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, "கொப்பி எடுத்துப்போட்டுத் தபாலில போடுறன்" என்று கிளம்பினார். கச்சேரிக் கண்ணையே ஏமாற்றிவிட்டேன் என்று பெருமைப்பட்டேன்.

அவர் காலமான பிறகுதான் அந்தக் கொப்பியை, படிவத்தின் நகலை, பார்த்தேன். கறுப்பு மையால் மட்டுமே எழுத வேண்டும், பென்சில் செல்லாது என்பது அறிவுறுத்தல்களில் முதலாவது. கட்டத்துக்குள், மங்கிய என் கோணல் கோடுகளின் மேல், ஒவ்வொரு கோடாக, நடுக்கமில்லாமல் பேனா ஓடியிருந்தது. கூரையின் உச்சிப் புள்ளியை நான் போட மறந்திருக்கிறேன். அதையும் அவர் வைத்திருந்தார்.

படிவம் திரும்பி வரவில்லை. அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டதென்ற கடிதம் எங்கள் தபால்பெட்டிக்கு வந்தது 1994 பெப்ரவரி மூன்றாம் திகதி, வியாழக்கிழமை.