இறங்காத ரத்தம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், பாதி மறந்தும் போச்சு. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்தப்பா மலைமேல் கூடலூரில் கருவாட்டுக் கடை வைத்திருந்தபோது அந்த மலையிலேயே பெண் கட்டி, தூத்துக்குடிக்குக் கூட்டி வந்துவிட்டார். சித்தி மெலிந்தவள், கண் எப்போதும் கொஞ்சம் மஞ்சள். விடியக்காலம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் தொட்டியில் மீன் கழுவுவார்கள். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் நின்றாலே சித்திக்குக் கைகால் எலும்பெல்லாம் வலி வந்து சுருண்டுவிடுவாள்.

பெரியம்மா அவள் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். “காச்சலும் இல்ல, காயமும் இல்ல. மீன் வந்து எறங்குனா மட்டும் இவளுக்கு வலி வந்துருது, பாத்தியாளா?” என்று என் அம்மாவிடம் சொல்லுவாள். அம்மா சிரிக்கவும் மாட்டாள், மறுக்கவும் மாட்டாள்.

ஒருநாள் பெரியம்மா சித்தப்பாவிடம் முடிவாகச் சொன்னாள். “தம்பி, ரத்தம் எடுத்துப் பாரு. சீக்குன்னா வச்சு வைத்தியம் பாப்போம். நடிப்புன்னா அவ அம்மா வீட்டுல கொண்டு விட்டுரு.”

துறைமுக ரோட்டு ஆஸ்பத்திரிக்குச் சித்தப்பா, சித்தியோடு துணையாகச் சின்னப் பிள்ளை நானும் போனேன். கம்பவுண்டர் சித்தியின் ரத்தத்தை ஒல்லியான கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிறுத்தி வைத்தார். உடம்புக்குள் எங்கேயாவது அழற்சி இருந்தால் சிவப்பு மளமளவென்று கீழே இறங்குமாம். பெஞ்சில் உட்கார்ந்து நானும் சித்தியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நூலளவுகூட இறங்கின மாதிரி இல்லை.

“நல்ல ரத்தம் அண்ணாச்சி. ஒரு சீக்கும் கெடையாது,” என்றார் கம்பவுண்டர்.

எனக்கு ஒரே சந்தோஷம். “சித்தி, ஒங்களுக்கு ஒண்ணுமில்லையாம்,” என்று கையைப் பிடித்தேன். சித்தி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். அந்த வாரமே அவளை மலைக்குக் கூட்டிப்போன சித்தப்பா தனியாகத் திரும்பி வந்தார்.

லேபில் வேலை பார்க்கிற என் மருமகள் இப்போது சொல்லுகிறாள். சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகுமாம். நல்ல அணு தட்டுத் தட்டாக ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து இறங்கும், வளைந்தது அப்படிச் சேராது, அதனால் உள்ளே அழற்சி கனன்றாலும் அந்தக் குழாய் காட்டாதாம். இந்தக் காலமென்றால் வெள்ளை அணு, சி.ஆர்.பி. என்று வேறு வேறு ரத்தச் சோதனை பார்ப்பார்களாம். சித்திக்கு அந்தச் சீக்காகத்தான் இருந்திருக்கும் என்கிறாள். இதை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.

நல்ல சேதி சொன்னவளை ஏறெடுத்தும் பார்க்காமல் அழுகிறாளே என்று அன்றைக்கு எனக்குச் சித்தி மேல் கோபம்தான் வந்தது.