அப்பா பேரில் ஒரு கட்டுரை

பம்பாய் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்கு இந்தப் பக்கம், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தோல், சாயம் பற்றிய விஞ்ஞானப் பத்திரிகை ஒன்று நடந்துவந்தது. மூன்று மாதத்துக்கு ஓர் இதழ். எடிட்டர் டாக்டர் கோட்போலே, ஹெட் கிளார்க் வேங்கடசுப்ரமணியன், டைப்பிஸ்ட் சேசம்மாள், ஆக மூன்றே பேர். சேசம்மாள் தாராவியிலிருந்து தினமும் நடந்தே வருவாள். விஞ்ஞானம் படித்தவளா என்று கேட்காதீர்கள், எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும்தான். ஆனாலும் பெரிய பெரிய டாக்டர்கள் எழுதும் கட்டுரையெல்லாம் முதலில் அவள் கையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

ரிஜிஸ்தர் தபால் வந்ததும் உறையைப் பிரிப்பாள். மூன்று பிரதி இருக்கிறதா, வரிக்கு வரி இடம் விட்டு அடித்திருக்கிறதா, படங்களை டிரேசிங் பேப்பரில் கறுப்பு மையில் வரைந்திருக்கிறதா, யார் யார் எழுதியதிலிருந்து எடுத்தார் என்ற பட்டியல் கடைசியில் இருக்கிறதா? ஒன்று குறைந்தாலும் திருப்பிவிடுவாள். ஒரு புரொபசர் இரண்டே பிரதி அனுப்பிவிட்டு, நான் யார் தெரியுமா என்று கடிதம் போட்டார். ‘தங்களை நன்றாகத் தெரியும். மூன்றாவது பிரதியைத்தான் காணோம்’ என்று இங்கிலீஷில் மரியாதையாக அடித்து அனுப்பினாள். மறு தபாலில் மூன்றாவது பிரதி வந்தது.

அவள் தேறவிட்டதைச் செவ்வாய்க்கிழமைதோறும் கோட்போலே பார்ப்பார். தலைப்பு, சுருக்கம், அட்டவணை, பட்டியல். படித்துக் கருத்துச் சொல்லும் நிபுணர்களுக்கு அனுப்பலாமா கூடாதா என்பது அங்கேயே முடிவாகிவிடும். பத்தில் நாலு அந்த மேஜையைத் தாண்டாது. கெட்டிக்காரர், கை சுத்தமானவர், ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் பிரம்மாவே வந்தாலும் அசையமாட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆபீஸில் அவளுக்குப் பேர் ‘மிஸ் மரியசூசை’. மரியசூசை அவள் அப்பா! சர்டிபிகேட்டில் எம். சேசம்மாள் என்று இருந்ததைப் பார்த்து, கடைசிப் பேர் எங்கே என்று கேட்டு, அந்த ‘எம்’மை விரித்துப் பின்னால் ஒட்டி தினம் கையெழுத்துப் போடும் மஸ்டர் ரோலில் எழுதிவிட்டார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ‘மரியசூசை’ என்று யாராவது கூப்பிட்டால் போதும், கக்கூசுக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். வேங்கடசுப்ரமணியனுக்கு இந்த ரோதனை இல்லை. ‘ஐயர்’ என்று போட்டுக்கொண்டார், கடைசிப் பேர் கிடைத்துவிட்டது.

அறுபத்து நாலு ஜூலையில் பி. கணேசபாண்டியன் என்பவரிடமிருந்து ஒரு கட்டுரை வந்தது. தேவ்நார்ப் பக்கம் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றின் லேபில் உதவியாளர். ஆவாரம்பட்டைச் சாறு ஆட்டுத்தோலில் எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்து எழுதியிருந்தார். மூன்று பிரதி, படம், பட்டியல் எல்லாம் சரியாக இருந்தது. சேசம்மாள் உள்ளே அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை கோட்போலே கையில் ஒரு தடித்த புத்தகத்தோடு வெளியே வந்தார். மூன்று வருஷத்துக்கு முன் வெளிநாட்டில் அச்சான மாநாட்டுத் தொகுப்பு. கணேசபாண்டியனின் இரண்டாவது அட்டவணை, எண்ணுக்கு எண் அப்படியே அதில் இருந்தது. எழுதியவர் பேர் ஜி. பிச்சையா.

“எழுதிக்கொள், மிஸ் மரியசூசை. கட்டுரை நிபுணர்களுக்கு அனுப்பப்படவில்லை. பிச்சையா என்பவரின் உழைப்பைத் திருடியிருக்கிறீர்கள். நகல், கம்பெனி மேனேஜருக்கு.”

அந்த நகல் போய்ச் சேர்ந்த அன்றைக்கே அந்த ஆளுக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். சேசம்மாள் சுருக்கெழுத்து நோட்டைப் பார்த்தாள். பி. கணேசபாண்டியன். ஜி. பிச்சையா. அட பாவிகளா, இது ஒரே ஆள்! நேரே ஐயரிடம் போனாள்.

“சார், பிச்சையா அவரு அப்பா பேரு. எனக்குப் பண்ணின மாதிரியே அங்கயும் திருப்பிப் போட்டிருக்கான்.”

“நேக்குத் தெரியாதாம்மா? பாத்த ஒடனே தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா சும்மா இருக்கீக?”

“அவர் கேட்டாரா? கேக்கல. நமக்கெதுக்கு வம்பு? பேசாம டைப் பண்ணிக் குடுத்துடு.”

சேசம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மஸ்டர் ரோலைத் தூக்கிக்கொண்டு கோட்போலேயின் அறைக்குள் போனாள். பேச்சு இங்கிலீஷில்தான், ஆனால் கோபம் அசல் தாராவிக் கோபம்.

“சார், இதில் மரியசூசை யார்?”

“நீதான்.”

“இல்லை. மரியசூசை ஐம்பத்தெட்டில் செத்துப்போனார். செத்தவரிடமா ஆறு வருஷமாகக் கையெழுத்து வாங்குகிறீர்கள்?”

கோட்போலே கண்ணாடியைக் கழற்றினார். அவள் விளக்கினாள். எங்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அதை விரித்துக் கடைசியில் போட்டால் அப்பன்தான் எழுதினான் என்று ஆகிவிடும். தன் அட்டவணைதானே என்று அந்த ஆள் பட்டியலில் சொல்லாமல் விட்டிருக்கிறார். விட்டது தப்புதான், ஆனால் திருட்டு இல்லை.

“எங்கள் மராட்டியரிலும் அப்பா பேர் உண்டு, நடுவில் வரும்” என்றார் கோட்போலே. “இது உன் ஊகம். அந்த ‘பி’ பரமசிவமாகவும் இருக்கலாம்.”

“அப்படியானால் ஒரு கார்டு போட்டுக் கேளுங்கள்.”

“இந்தக் கட்டத்தில் ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் வழக்கம் இல்லை.”

“கேட்க வழக்கம் இல்லை, திருடன் என்று எழுத மட்டும் உண்டா?”

அவர் முகம் சிவந்தது. “கடிதத்தை அடி. இல்லையென்றால் நாளையிலிருந்து வராதே.”

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அம்மா லூசியம்மாளின் முகம் கண்ணுக்குள் வந்தது. பயம் இல்லாமலா?

“நாளைக்கும் வருவேன் சார். இந்தக் கடிதத்தை மட்டும் அடிக்கமாட்டேன்.”

கோட்போலே வாசல் பக்கம் பார்த்துக் கத்தினார். “ஐயர்! இவள் சொல்வது சரியா?”

வேங்கடசுப்ரமணியன் உள்ளே வந்தார். சேசம்மாள் அவரையே பார்த்தாள், வைத்த கண் வாங்கவில்லை. மனுஷர் கதவைப் பார்த்தார், கோட்போலேயைப் பார்த்தார். “ஆமாம் சார், அப்படித்தான் இருக்கும்” என்றார் கடைசியில்.

கார்டு போயிற்று. ஐந்தாம் நாள் பதில் வந்தது. பிச்சையா என் தகப்பனார். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் பேரில் வெளிநாட்டில் கட்டுரை வந்ததை அப்போது ஊரில் சொன்னதும் வீட்டில் ஒரே சிரிப்பு. அந்த அட்டவணை முன்பே வந்ததென்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன், மன்னிக்கவும். கோட்போலே அதை இரண்டு முறை படித்தார். கட்டுரையை நிபுணர்களுக்கு அனுப்பச் சொன்னார்.

டிசம்பரில் இரண்டு நிபுணர்களும் பதில் போட்டார்கள். சோதித்த தோல் போதாது என்றார் ஒருவர். தண்ணீரின் சூட்டைக் குறித்துவைக்கவில்லை என்றார் மற்றவர். வெளியிட இயலாது. சேசம்மாள் மிஷினில் காகிதத்தைச் செருகி, பி. கணேசபாண்டியன் என்று அடித்து, இரண்டு பேர் சொன்ன குறைகளையும் ஒன்று விடாமல் கீழே அடித்தாள்.

வேங்கடசுப்ரமணியன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். “கடைசியில திரும்பித்தானே போறது? இதுக்கா அன்னிக்கு அந்தக் கூத்து கட்டினே?”

“பிழைன்னு நூறு தடவ திருப்புங்க சார், நானே அடிச்சுத் தாரேன்” என்றாள் சேசம்மாள், தலை நிமிராமல். “திருடன்னு திருப்புனா ஒரு எழுத்து அடிக்கமாட்டேன்.”